இருநூறு கிலோபைட்

பெங்களூர்
18-11-1985

அடி சாந்தா,

நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ உயிரோடு இருக்கும் செய்தியே என் அம்மா யாரையோ பிடித்து எழுதச் சொன்ன கடிதத்தில்தான் எனக்குக் கிடைத்தது. சிலமலைக்குப் போய் அவளைப் பார்த்து, பால்சோறு சாப்பிட்டு, எருமை கன்று போட்டதைக்கூட விசாரித்துவிட்டு வந்திருக்கிறாய். எனக்கு ஒரு கார்டு போட மட்டும் கை வரவில்லை. நாலு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறை, ஒன்றரை வருஷம் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மேசை. உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நீ பெட்டி கட்டிக்கொண்டு போடிக்குப் போனபோது, வாரம் ஒரு கடிதம் என்று சத்தியம் செய்தவள் நீ.

சரி, திட்டி முடித்தேன். இப்போது காரியத்துக்கு வருகிறேன்.

நீ போன பிறகு நம் மெஷினையே ஓட்டுகிற அடிப்படைப் புரோகிராமில், கெர்னலில், ஒரு புது வேலை செய்தோம். டிஸ்கில் இல்லாத ஃபைல்கள். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும், ஒவ்வொரு டெர்மினலும் பிரிண்டரும், ஒரு ஃபைல் போலப் பெயரோடு, மரத்தில் இலை மாதிரி, தெரியும். திறந்தால் அந்த நேரத்து நிலவரத்தை கெர்னலே எழுதிக் காட்டும். டிஸ்கில் தேடினால் ஓர் எழுத்துகூட அகப்படாது. நான் இதற்குப் பொய்மரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். இங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாததால் பெயரை ரசிக்க ஆளில்லை.

பொய்மரம் பொய்தான், அது தின்கிற மெமரி நிஜம். பெயர் ஒன்றுக்கு அதன் விவரம் வைக்க ஒரு நோடு, நோடு ஒன்றுக்கு நூற்றிருபத்தெட்டு பைட். மெஷினைப் போட்டதுமே ஆயிரத்துத் தொள்ளாயிரம் நோடுகளையும் கட்டி மெமரியில் உட்கார வைத்துவிடுகிறது. யாரும் திறக்காவிட்டாலும் அவை நகராது. மொத்தமே ஒரு மெகாபைட். அதில் கால்வாசி இதற்கே சரி. நாலு பேர் வேலை பார்க்க உட்கார்ந்தால் அவர்களுடைய புரோகிராம்களுக்கு இடமில்லாமல் டிஸ்குக்குத் தள்ளித் தள்ளி எடுக்கிறது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வரலாம். மேனேஜர் என் தலையில் கட்டிவிட்டார். ஒரு மாதமாக முழிக்கிறேன்.

கெர்னலை அச்சடித்து நானூற்றுப் பன்னிரண்டு தாள் பார்சலில் அனுப்புகிறேன். வெளியே போகக்கூடாத தாள், யாரிடமும் காட்டாதே. மெஷின் இல்லாமல் தாளிலேயே படித்துப் பிழை கண்டுபிடிக்கிற ஒரே ஆள் நீதான். கொஞ்சம் பாரேன்.

உன்,
சந்திரா

---

போடிநாயக்கனூர்
1-12-1985

என் சந்திரா,

பார்சல் வந்தது. கயிற்றை அறுத்து முதல் தாளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிக்காதே. இரண்டு வருஷமாக நான் படித்ததெல்லாம் ஏலக்காய் மூட்டை மேல் எழுதியிருக்கும் நம்பர்தான்.

கடிதம் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் பொறாமை வரும். அதை மறைத்து எழுதவும் தெரியவில்லை, காட்டி எழுதவும் மனமில்லை. இப்போது சொல்லிவிட்டதால் பாரம் குறைந்தது.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். வலது கை எழவில்லை. அம்மா தேவகிருபை அவர் கட்டிலை விட்டு நகருவதில்லை. ஏலக்காய்க் கடை முழுக்க அண்ணன் ஜேசுதாஸ் கையில். குரங்கணி மலையிலிருந்து வரும் காயைச் சல்லடை போட்டுத் தரம் பிரிக்க இருபது பெண்கள் கடையில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு மேற்பார்வை நான். பி.இ. படித்ததற்குப் பச்சைக் காய் எது, வெளுத்த காய் எது என்று பார்க்கிறேன். அந்த வேலையும் அந்த இருபது பேரில் ஒருத்தியான பாண்டியம்மாள் என்னைவிட நன்றாகச் செய்வாள்.

தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னத்தா, இம்புட்டுத் தாளு? மறுக்கா பரீட்சை எழுதப் போறியா?" என்றாள். ஆமாம் என்றேன். "எழுதி பாஸாகி வெரசாப் போயிரு. இங்கன கெடந்து காயப் பெறக்குனது போதும்" என்றாள். வீட்டில் இருப்பவர்கள் யாரும் சொல்லாததை அவள் சொன்னாள்.

நூற்றிருபது தாள் படித்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் இப்போதைக்கு. ஒரே நேரத்தில் திறந்திருக்கும் நோடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாயா? ஆயிரத்துத் தொள்ளாயிரமும் கட்டி வைத்திருக்கிறாய் சரி. கேட்டு வருபவர்கள் எத்தனை பேர்? எண்ணி எழுது.

உன் அம்மா ராமுத்தாயை மறுபடி பார்த்தேன். "அவ எப்ப வருவாளாம்?" என்று ஒரே கேள்விதான். பொங்கலுக்கு என்று நானாகச் சொல்லியிருக்கிறேன். பொய்யாக்கிவிடாதே.

உன்,
சாந்தா

---

பெங்களூர்
16-12-1985

அடி கண்ணு,

எண்ணினேன். நாள் முழுக்க எண்ணியதில் ஒரே நேரத்தில் நாற்பதைத் தாண்டவில்லை! எனக்கு இது இரண்டு மாதமாகத் தோன்றவே இல்லை. போடியில் உட்கார்ந்துகொண்டு நீ கேட்கிறாய்.

இன்னொரு நல்ல செய்தி. ஏப்ரலில் இந்தப் பிரிவில் ஓர் இடம் காலியாகிறது. மேனேஜரிடம் உன்னைப் பற்றி ஜாடையாகச் சொன்னேன். பாதியில் வேலையை விட்டுப் போனவளை எதற்கு மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார். ஆனால் இந்த மெமரி வேலை முடிந்ததும் ஓர் அறிக்கை எழுதி டெல்லி மாநாட்டில் படிக்கப்போகிறோம். அதில் உன் பெயரும் என் பெயரும் சேர்ந்து இருந்தால் அவரால் வாய் திறக்க முடியாது. உன் பெயர் இல்லாமல் அந்த அறிக்கை போகாது. இது என் வாக்கு.

பொங்கலுக்கு வர முடியாதுடி. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன்,
சந்திரா

---

போடிநாயக்கனூர்
19-1-1986

சந்திரா,

பொங்கலுக்கு நீ வராததை உன் அம்மாவிடம் சொல்லி, உன் பங்கு வசவையும் நானே வாங்கிக்கொண்டேன். "ஆத்தா சோலி ஆத்தாளுக்கு, மக சோலி மகளுக்கு" என்றுவிட்டுக் கரும்பை எடுத்து என்னிடம் கொடுத்தாள். உன் கரும்பைத் தின்றது நான்தான்.

உன் கடிதத்தை அண்ணனிடம் காட்டினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கையில ஆர்டரக் கொண்டா, நானே பஸ்சு ஏத்தி விடுறேன். சும்மா பிரண்டு கூப்பிட்டான்னு போறதுக்கு நான் விடமாட்டேன். ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்." ஈஸ்டருக்கு மேல் என்ன என்று கேட்கிறாயா? கம்பத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஒருவர் பெண் கேட்டு வந்திருக்கிறார். நல்ல மனிதர் என்கிறார்கள். வந்தவர், "படிச்ச பொண்ணுதான், அதுக்காக வேலைக்கெல்லாம் போகணும்னு இல்ல" என்று அப்பாவின் கட்டில் அருகே நின்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆக எனக்கு ஈஸ்டர் வரைதான் நேரம். அந்த அறிக்கையில் என் பெயர் வந்தால் பெங்களூர், இல்லாவிட்டால் கம்பம்.

இப்போது வழி சொல்கிறேன், கவனமாகப் படி.

எங்கள் கடையில் செவ்வாய்தோறும் ஏலம் நடக்கும். முன்னறையில் ஒரு கரும்பலகை. அதில் லாட்டு நம்பர்கள், மூட்டைக்கு ஒன்று. மேசை மேல் நம்பருக்கு ஒரு கைப்பிடிக் காய், மாதிரி பார்க்கப் பொட்டலமாக. மூட்டைகள் பின்கட்டு கோடவுனில் அடுக்கி இருக்கும். யாராவது இன்ன லாட்டை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால்தான் எங்கள் சுமைகாரர் உக்கிரபாண்டி அண்ணே அந்த மூட்டையை முன்னே தூக்கி வருவார். பார்த்து முடித்தால் திரும்பப் போய்விடும். இருநூறு மூட்டையையும் முன்னறையில் போட்டால் வியாபாரிகள் தெருவில்தான் நிற்க வேண்டும். நீ செய்திருப்பது அதுதான்.

அதனால் மெஷினைப் போட்டதும் நோடு எதையும் கட்டாதே. பலகையில் நம்பர் எழுதுவதுபோலப் பெயருக்கு இருபது பைட்டில் ஒரு சின்னப் பட்டியல் போதும். யாராவது திறந்தால் அப்போது நோடைக் கட்டு. எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று அதிலேயே ஓர் எண்ணிக்கை வை. கடைசி ஆள் மூடியதும் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடு. கணக்குப் பார்த்தேன். இரண்டு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் பைட் பிடிக்கிற இடத்தில் நாற்பத்து மூவாயிரம் பிடிக்கும். இருநூறு கிலோபைட் மிச்சம்.

ஓர் எச்சரிக்கை. கடைசி ஆள் மூடும்போது, கட்டிய நோடுகளின் வரிசையிலிருந்து அதை முதலில் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மெமரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்யாதே. போன வருஷம் உக்கிரபாண்டி அண்ணே, சொந்தக்காரர் திரும்பக் கேட்டார் என்று ஒரு மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டார். பலகையில் நம்பரை அழிக்கவில்லை. அந்த இடைவெளியில் விருதுநகர் வியாபாரி ஒருவர் அதே நம்பருக்கு விலை கேட்டு, எல்லோரும் ஒப்புக்கொண்டு, கோடவுனில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் வேறொருவர் மூட்டை இருக்கிறது. கைகலப்பு வரை போயிற்று. மெமரியைத் திருப்பிக் கொடுக்கிற வேலை சில நேரம் காத்து நிற்கும், 288-ஆம் தாளைப் பார். அந்த இடைவெளியில் இன்னொரு டெர்மினல் அதே பெயரைத் தேடி வந்தால், இல்லாத நோடு அதன் கையில் மாட்டும். மெஷின் விழுந்துவிடும்.

இரண்டு தாளில் புரோகிராமையே எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துதான், ஆனால் ஒரு புள்ளிகூடத் தவறியிருக்காது.

உன்,
சாந்தா

---

பெங்களூர்
3-3-1986

சாந்தா! சாந்தா! சாந்தா!

ஓடுகிறது. பதினாறு டெர்மினலுக்கு இடம் இருக்கிறது. எங்களிடம் இருப்பது நாலுதான், நாலிலும் பறக்கிறது. மேனேஜர் வந்து நின்று பார்த்தார். இரண்டு தடவை மெமரியை எண்ணச் சொன்னார். இருநூறு கிலோபைட், நீ சொன்ன கணக்குக்கு அரை கிலோபைட்கூட வித்தியாசமில்லை. எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். உன் பங்கையும் சேர்த்து இரண்டு தின்றேன். கரும்புக்கு அது சரியாகிவிட்டது.

நீ எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று ஓரிரு வரியை மட்டும் மேலும் கீழுமாக மாற்றிச் சீராக்கியிருக்கிறேன். என் கையும் கொஞ்சம் படவேண்டாமா?

கோயமுத்தூரில் ஒரு நூற்பாலைக்கு முதல் மெஷின் போகப்போகிறது. அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்த்துக்கொள், ஏப்ரலில் பக்கத்து மேசையில் நீ.

உன்,
சந்திரா

---

போடிநாயக்கனூர்
14-3-1986

அன்புச் சந்திரா,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புரிந்ததோ இல்லையோ, இடது கையால் என் தலையைத் தொட்டார். பாண்டியம்மாளிடம் பாஸாகிவிட்டேன் என்றேன். தரம் பிரிக்கும் பெண்கள் எல்லோரும் எழுந்து கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். என் கன்னம் முழுக்க ஏலக்காய்த் தூசி.

எந்த வரிகளை மாற்றினாய்? அதை எழுது. சீர் செய்வதற்காக அங்கே எதையும் தொடாதே என்றுதானே அவ்வளவு தூரம் எழுதினேன்.

இம்மாதம் முப்பதாம் தேதி ஈஸ்டர். அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டுமாவது அனுப்பு. பெயர்கள் இருக்கும் பக்கம். அண்ணனுக்குக் காட்ட வேண்டும். ஆர்டர் வரத் தாமதமானாலும் அதைக் காட்டி ஒரு மாதம் தள்ளிப்போட முடியும். கெஞ்சுவதாக நினைத்துக்கொள். கெஞ்சுகிறேன்தான்.

உன்,
சாந்தா

---

பெங்களூர்
21-4-1986

சாந்தா,

ஈஸ்டருக்கு முன் எழுத முடியவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

அறிக்கை போய்விட்டது. அதில் மேனேஜர் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. உன் பெயரை நான் எழுதித்தான் கொடுத்தேன். யார் இது என்று கேட்டார். சொல்ல வந்தேன். கம்பெனிக்கு வெளியே இருக்கும் ஒருத்திக்கு கெர்னல் தாள் எப்படிப் போயிற்று என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் என் வேலை போய்விடும். சிலமலையில் என் அப்பா தவசி இந்தச் சம்பளத்தை நம்பித்தான் கிணறு வெட்டிக்கொண்டிருக்கிறார், உனக்குத் தெரியும். அதனால் பழைய சிநேகிதி, சும்மா மரியாதைக்காகப் போட்டேன் என்று சொல்லி நானே அடித்துவிட்டேன்.

அந்தக் காலி இடத்துக்கு மேனேஜரின் சொந்தக்காரப் பையனை எடுத்துவிட்டார்கள். உன் பெயர் இருந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த அறிக்கையில் கட்டாயம் சேர்க்கிறேன். கோபப்படு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே.

உன்,
சந்திரா

---

போடிநாயக்கனூர்
5-5-1986

சந்திரா,

பேசாமல் இருக்க மாட்டேன். எழுதுகிறேன்.

வேலை போகும் என்று பயந்தாய், அது எனக்குப் புரிகிறது. எனக்கு அப்படி ஒரு வேலை இருந்திருந்தால் நானும் பயந்திருப்பேன். ஆனால் சிநேகிதி, மரியாதைக்காகப் போட்டேன் என்று சொன்னாயே, அதை யாரும் உன்னிடம் கேட்கவில்லை. நீயாகச் சேர்த்தாய். இருபது பெண்கள் மத்தியில் உட்கார்ந்து, காய்த் தூசியில் தும்மிக்கொண்டு, மெஷினைக் கண்ணால் பார்க்காமல் நான் எழுதியதற்கு என் பெயர், நீ மரியாதைக்காகப் போட்ட பிச்சையாகிவிட்டது.

அண்ணனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. "சரி விடு சாந்தா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எந்த வரிகளை மாற்றினாய் என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அதையாவது எழுது.

சாந்தா

---

பெங்களூர்
7-7-1986

அன்பான சாந்தாவுக்கு,

இரண்டு மாதமாக உனக்குப் பதில் போடாமல் இப்போது எழுதுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது. வேறு வழியில்லை.

கோயமுத்தூர் மில்லில் மெஷின் விழுந்துகொண்டே இருக்கிறது. இங்கே ஒரு நாளும் விழவில்லை. அங்கே ஷிப்ட் மாறும்போது பதினாறு டெர்மினலிலும் ஒரே சமயத்தில் ஆட்கள் வெளியேறுவதும் உள்ளே வருவதுமாக இருக்கிறார்கள், அப்போது விழுகிறது. வாரத்துக்கு நாலு தடவை. மில்காரர்கள் மெஷினைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். நோடுகளைக் கட்டுவதும் கலைப்பதும் யார் எழுதியது என்று கேட்டார்கள்.

சாந்தா, அந்த அறையில் ஆறு பேர் இருந்தார்கள். நான் மட்டும் பெண். உன்னுடைய கையெழுத்துத் தாள் இரண்டும் என் மேசையில் இருந்து எடுக்கப்பட்டிருந்தன. இது வெளியாள் எழுதிக் கொடுத்தது, நான் நம்பி எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் பெயரையும் விலாசத்தையும் கேட்டார்கள், கொடுத்தேன். விசாரணைக் குறிப்பில் உன் பெயரைப் பதிந்திருக்கிறார்கள். உனக்கு ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வரும். கம்பெனிக்குச் சொந்தமான தாள்களைப் பத்து நாளில் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கும். பயப்படாதே, அனுப்பிவிட்டால் வழக்கு எதுவும் வராது என்கிறார்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்து, எங்கே தவறு என்று எனக்கு மட்டும் சொல்லேன். இரண்டு வாரமாகத் தேடுகிறேன், என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் உன் தாள்கள் விசாரணையில் இருக்கின்றன, ஜனவரியில் நீ எச்சரித்து எழுதிய கடிதத்தையும் தொலைத்துவிட்டேன். நான் மாற்றிய பிறகு இருக்கும் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். நம் பழைய நாட்களை நினைத்துச் சொல்லு.

உன் சந்திரா

---

போடிநாயக்கனூர்
20-7-1986

சந்திராவுக்கு,

நோட்டீஸ் வந்தது. அண்ணன்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினான். ரிஜிஸ்தர் தபால் என்றதும் ஆர்டர் வந்துவிட்டது என்று நினைத்து, கடையிலிருந்து வீட்டுக்கு ஓடியே வந்தான். அவன் ஓடி நான் பார்த்ததில்லை. பிரித்துப் படிக்கச் சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை நீ அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வேலை ஓடியபோது என் பெயருக்கு இடமில்லை. விழுந்ததும் இடம் கிடைத்துவிட்டது. ஆறு பேர் இருந்த அறையில் நீ ஒருத்தி பெண் என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பதிலாக அந்த அறையில் இல்லாத இன்னொருத்தியை நிறுத்தினாய்.

நானூற்றுப் பன்னிரண்டு தாளும் இன்று பார்சலில் போய்விட்டன. கம்பெனிக்குச் சொந்தமானதைக் கேட்டிருக்கிறார்கள், அச்சு கம்பெனியுடையது. ஓரங்களில் நான் பென்சிலால் எழுதியது அவர்களுடையது இல்லை. அதனால் ரப்பர் வாங்கி அத்தனையையும் அழித்தேன். நாலு நாள் ஆயிற்று. பாண்டியம்மாள் தாளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, நான் அழித்தேன். "எதுக்குத்தா எழுதுனத அழிக்கிற?" என்றாள். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்றேன். "அப்ப நீ எழுதுனதுக்கு மார்க்கு?" என்றாள். அடுத்த தாளை எடுத்து வைத்தேன். அவள் ரப்பர்த் தூளை ஊதிவிட்டாள்.

தவறு எங்கே என்று எனக்குத் தெரியும். நீ அனுப்பிய தாளைப் பிரித்து, உலையில் அரிசி போடும் நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டேன். என் தாளில் சரியாக இருந்தது, உன் தாளில் தவறாக இருக்கிறது. இவ்வளவுதான் உனக்குச் சொல்வேன்.

உன் மேனேஜர் எனக்கு எழுதட்டும். என் பெயருக்கு, என் விலாசத்துக்கு, இதில் உங்கள் உதவி வேண்டும் என்று ஒரு வரி. கார்டில் எழுதினாலும் போதும். மறு தபாலில் இரண்டு வரிகளை எந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன். வேலை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. மில்லில் வேலை பார்ப்பவர்களை நினைத்தால் மனம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் இந்தத் தடவை கேட்காமல் கொடுக்க மாட்டேன்.

சாந்தகுமாரி

---

பெங்களூர்
18-8-1986

சாந்தா,

உன் கடிதத்தை மேனேஜரிடம் அப்படியே கொடுத்தேன். இந்த முறை ஒளிக்கவில்லை, நம்பு. தமிழில் இருந்ததால் நானே வாசித்து அர்த்தம் சொன்னேன். என் மேல் நீ எழுதியிருந்ததையும் விடாமல் சொன்னேன்.

கார்டு போடுவது கம்பெனிக்குச் சரிவராது என்றுவிட்டார். விசாரணையில் பெயர் வந்த வெளியாளிடம் உதவி கேட்டு எழுதினால் அது நாளைக்கு ஓர் ஆவணம் ஆகிவிடுமாம்.

இனி அதற்குத் தேவையும் இல்லை. வெளிநாட்டில் மெமரி சில்லுகளின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒவ்வொரு மெஷினிலும் இன்னும் ஒரு மெகாபைட் போர்டு செருகுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். நாம் எழுதியதை எடுத்துவிட்டுப் பழையபடி ஆயிரத்துத் தொள்ளாயிரம் நோடுகளையும் ஆரம்பத்திலேயே கட்டி வைத்துவிடுகிறோம். மில்லில் மாற்றிப் பத்து நாளாகிறது, ஒரு தடவைகூட விழவில்லை. இருநூறு கிலோபைட்டுக்காக இவ்வளவு பாடு எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உனக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கட்டும். யார் வரி சரி, யார் வரி தவறு என்ற பேச்சே இனி இல்லை. அந்த இரண்டு தாளும் குப்பைக்குப் போய்விட்டன. நமக்குள் இருந்ததும் அதோடு போகட்டும். தீபாவளிக்கு வருகிறேன். போடிக்கு வந்து உன்னைப் பார்க்கலாமா?

உன்,
சந்திரா

---

போடிநாயக்கனூர்
2-9-1986

செல்வி த. சந்திரவல்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

என்னிடம் ஒரு வரி கேட்பதைவிட மெஷினுக்கு ஒரு மெகாபைட் வாங்குவது உங்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. என் வேலை தவறு என்று யாராவது நிரூபித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். தேவையில்லை என்று தூக்கிப் போட்டதையும், நீங்கள் சேர்ந்து சிரித்ததையும் தாங்க முடியவில்லை.

எனக்கும் கம்பம் திரு. பொன்னையா அவர்களுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. வரும் ஞாயிறு தொடங்கி மூன்று ஞாயிறு சபையில் திருமண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள். பெயரோடு படிப்பையும் சேர்த்து வாசிக்க வேண்டுமா என்று போதகர் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் தயங்கினார்கள். சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன்.

தங்கள் தாயாரை இனியும் போய்ப் பார்ப்பேன், கம்பத்துக்குப் போகும்வரை. அவர்களுக்கு எதுவும் தெரியாது. தாங்கள் இங்கே வரவேண்டாம். கடிதமும் எழுத வேண்டாம். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லித் தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஞா. சாந்தகுமாரி, பி.இ.